மீன் தொட்டியைத் தூக்கியது யார்?

இன்னைக்கு எபிசோட் ஒரு படத்துல ஆரம்பிச்சு, நூறு வருஷம் பின்னாடி போயிட்டு, திரும்ப அதே படத்துக்கு வரும். படம், கிறிஸ்டோபர் நோலனின் ‘தி பிரெஸ்டீஜ்’. 2006-ல் வந்தது. கிறிஸ்டோபர் ப்ரீஸ்ட் 1995-ல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. முதலிலேயே சொல்லிடறேன், முடிவு உட்பட எல்லாத்தையும் பேசப்போறோம். இன்னும் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்தான்.

பார்த்து நாளானவங்களுக்காகக் கதையை ஒரு ஓட்டம் சொல்லிடறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி, லண்டன். ஏஞ்சியர், போர்டன் என்று ரெண்டு இளம் மேஜிஷியன்கள். ஏஞ்சியராக ஹியூ ஜாக்மன், போர்டனாக கிறிஸ்டியன் பேல். ஒரு தண்ணீர்த் தொட்டி வித்தையில் ஏஞ்சியரின் மனைவி மேடையிலேயே மூழ்கிச் சாகிறாள். அவள் கையில் முடிச்சுப் போட்டவன் போர்டன். அங்கே பகை ஆரம்பிக்கிறது. பிறகு போர்டன் ஒரு வித்தை கொண்டுவருகிறான். மேடையின் இந்தக் கோடியில் ஒரு கதவுக்குள் நுழைந்து, அடுத்த நொடி அந்தக் கோடியில் இருக்கும் கதவிலிருந்து வெளியே வருகிறான். எப்படி? இந்த ஒரு கேள்வி ஏஞ்சியரின் வாழ்க்கையையே அரித்துவிடுகிறது. விடை ரொம்பச் சாதாரணம். போர்டன் ஒருத்தன் இல்லை, இரட்டையர். அதை நம்ப முடியாத ஏஞ்சியர் அமெரிக்கா போய், விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவிடம் ஒரு இயந்திரம் செய்து வாங்குகிறான். அது அவனையே நகல் எடுக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஏஞ்சியர் கைதட்டு வாங்குகிறான், இன்னொரு ஏஞ்சியர் மேடைக்குக் கீழே தொட்டியில் மூழ்கிச் சாகிறான்.

இந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் படம் வந்ததிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டையில் பொதுவாக ரெண்டு கட்சி. முதல் கட்சி, “அந்த மிஷின் ஏமாத்து வேலை” என்கிறது. மேஜிக் பற்றிய படம் என்று உட்கார வைத்துவிட்டு, கடைசியில் அறிவியல் புனைகதையைக் கொண்டுவந்து நுழைப்பது நியாயமா? பிரபல விமர்சகர் ராஜர் ஈபர்ட்டின் குறையும் இதுதான். இரண்டாவது கட்சி, “அந்த மிஷின்தான் படமே” என்கிறது. ஒருத்தன் வித்தைக்காகத் தன் வாழ்க்கையில் பாதியைக் கொடுக்கிறான். இன்னொருத்தன் குறுக்குவழி தேடிப் போய்த் தினமும் தன்னையே கொல்கிறான். மிஷின் இல்லையென்றால் இந்த ஒப்பீடே இல்லை என்பது அவர்கள் வாதம்.

ஆனால் ரெண்டு கட்சியும் தலையாட்டி ஒத்துக்கொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது. அந்த சீனக் கிழவர் காட்சி.

ஞாபகம் இருக்கா? சங் லிங் சூ என்ற வயதான சீன மேஜிஷியன். மேடையில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, தண்ணீர் ததும்பும் பெரிய மீன் தொட்டியை வரவழைக்கிறார். ரெண்டு இளைஞர்களும் வெளியே நின்று அவர் வண்டி ஏறுவதைப் பார்க்கிறார்கள். மனிதர் நடக்கவே முடியாமல் தள்ளாடித் தள்ளாடிப் போகிறார். போர்டனுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. தொட்டி, அங்கிக்குள் முழங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க, அந்த ஆள் மேடைக்கு வெளியேயும் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாதவராக நடிக்கிறார். வித்தை மேடையில் இல்லை, இந்த நடையில்தான் இருக்கிறது என்று போர்டன் புரிந்துகொள்கிறான். “இதுதான் படத்தோட சாவி, முதல் தடவை பார்க்கும்போதே கையில கொடுத்துட்டாங்க, நாமதான் கவனிக்கல” என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான்.

அந்தச் சாவிக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. சங் லிங் சூ என்ற பெயரில் ஒரு மேஜிஷியன் நிஜமாகவே இருந்தார். தன் வித்தைக்காக மேடைக்கு வெளியேயும் நடித்தார். ஆனால் அவர் சீனர் இல்லை. அந்த மீன் தொட்டியும் அவருடையது இல்லை.

தொட்டிக்குச் சொந்தக்காரர்

1898. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரம். அங்கே பெரிய கண்காட்சி ஒன்று நடக்கிறது. சீனாவிலிருந்து ஒரு குழு வந்து இறங்குகிறது. தலைவர் பெயர் ஜூ லியன்குய். மேடைப் பெயர் சிங் லிங் ஃபூ. இந்த ஃபூ என்ற பெயரைக் கெட்டியாகப் பிடிச்சுக்கோங்க, குழப்பம் வரும். ஃபூ நிஜச் சீனர். சூ அப்புறம் வருவார்.

ஃபூவின் பிரமாதமான வித்தை இதுதான். ஒரு துணியை எடுத்து இரண்டு பக்கமும் காட்டுவார். அதைத் தரையில் விரிப்பார். எடுத்தால், அங்கே தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரம். சில சமயம் ஒரு குழந்தையும் வரும். மேஜை கிடையாது, பெட்டி கிடையாது, திரை கிடையாது. அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று அமெரிக்காவே அசந்துபோனது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1882-லேயே அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. கண்காட்சி முடிந்து, ஃபூ ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தியபோது குடியேற்ற அதிகாரிகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மேடையில் கைதட்டு, மேடைக்கு வெளியே “நீ இங்கே இருக்கலாமா” என்ற கேள்வி.

ஃபூ ஒரு சவால் விட்டார். என் தண்ணீர்ப் பாத்திர வித்தையை யாராவது செய்து காட்டினால் 1,000 டாலர். அந்தப் பணத்துக்காக முன்வந்தவர்களில் ஒருவர், வில்லியம் எல்ஸ்வர்த் ராபின்சன்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்

ராபின்சன் நியூயார்க் மாநிலத்தில் 1861-ல் பிறந்தவர். வித்தைகளை வடிவமைப்பதில் மூளைக்காரர். அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய மேஜிஷியன்கள் ஹாரி கெல்லர், அலெக்சாண்டர் ஹெர்மன் இருவரிடமும் மாறி மாறி வேலை பார்த்தார். கருவி செய்வது, மறைப்பது, திருத்துவது எல்லாம் இவர். கைதட்டு அவர்களுக்கு. தன் முகத்தோடு மேடையில் நின்றால் எடுபடவில்லை. அதனால் முன்பே ஒரு தடவை அரபு வேஷம் போட்டு, அக்மெத் பென் அலி என்ற பெயரில் மேடை ஏறியிருக்கிறார்.

இது அவர் மட்டும் செய்த வேலை இல்லை. அந்த நூற்றாண்டு முழுக்க நடந்த கதை. கெல்லருக்கு மேஜிக் கற்றுக்கொடுத்த குரு ‘ஆவா நாட்டு ஃபக்கீர்’. பெயரைக் கேட்டால் பர்மாக்காரர் மாதிரி இருக்கும். ஆள் இங்கிலாந்துக்காரர், ஐசையா ஹியூஸ். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட 1849-ல் முகத்தில் கருப்பு பூசிக்கொண்டு, ரியா ராமா ரூஸ் என்று இந்தியப் பெயர் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு மேஜிக் காட்டினார்.

அந்த மாதிரிப் பெயர்களுக்கு லண்டனில் எங்கிருந்து மவுசு வந்தது? ஒரு காரணம் நம்ம ஊர்க்காரர். மெட்ராஸிலிருந்து போன ராமோ சாமி. ராமசாமி என்ற பெயர்தான் அப்படி ஆகியிருக்க வேண்டும். 1810-களிலிருந்து லண்டனில் பந்து வித்தை, வாள் விழுங்குதல் என்று பெயர் வாங்கியவர். 1850-ல் அவர் இறந்தபோது, அடக்கம் செய்யவே காசில்லாமல் அவர் மனைவி உதவி கேட்க வேண்டியிருந்தது. நிஜ ஆள் வறுமையில் போய்ச் சேர்கிறார். அவர் மாதிரி வேஷம் போடுவது மட்டும் தொடர்கிறது.

சரி, ராபின்சனுக்கு வருவோம். ஃபூவின் சவாலை ஏற்க அவர் போனார், ஃபூ தரப்பு இடம் கொடுக்கவில்லை. 1900-ல் பாரிஸின் ஃபோலி பெர்ஷேர் அரங்கத்துக்கு ஒரு சீன மேஜிஷியன் தேவைப்பட்டார். ராபின்சன் தலையை மழித்தார், சடை வைத்தார், பட்டு அங்கி போட்டார், சீனரானார். அங்கிருந்து லண்டன். அங்கே பெயர் சங் லிங் சூ. ஃபூவின் பெயரையும் இந்தப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்க. சிங் லிங் ஃபூ, சங் லிங் சூ. ஒரிஜினல் பிராண்டில் ரெண்டு எழுத்தை மாற்றிப் பக்கத்துக் கடையில் விற்கிற சோப்பு மாதிரி இருக்கா? அதேதான்.

1905: யார் நிஜம்?

1905 ஜனவரி. நிஜ ஃபூ லண்டனுக்கு வந்து, எம்பயர் தியேட்டரில் நிகழ்ச்சி நடத்துகிறார். நகல் சூ, ஹிப்போட்ரோமில். இரண்டும் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டியவை. ஒரு அரங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம்.

வந்து பார்த்த ஃபூவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஊரில் ஏற்கனவே ஒரு ‘சீன மேஜிஷியன்’ இருக்கிறார். அவர் பெயர் தன் பெயர் மாதிரி. அவர் வித்தை தன் வித்தை. ஊர் அவரைக் கொண்டாடுகிறது. தான் செய்வதைப் பார்த்து, “இதைத்தான் அவர் முன்னாடியே காட்டினாரே” என்கிறது.

ஃபூ வெளிப்படையாகச் சவால் விட்டார். என் இருபது வித்தைகளில் பத்தையாவது அவர் செய்து காட்டட்டும். அவருடையதில் ஒன்றையாவது நான் செய்யத் தவறினாலும் அவர் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம். பந்தயம் 1,000 பவுண்ட். ‘வீக்லி டிஸ்பாட்ச்’ பத்திரிகை இதைப் பிடித்துக்கொண்டு, தன் அலுவலகத்தில் போட்டிக்கு ஏற்பாடு செய்தது.

ஜனவரி 7. சூ வேஷத்தோடு, அலட்டலோடு வந்து இறங்கினார். ஃபூ வரவில்லை. அவர் கேட்டது வேறு. அந்த ஆள் முதலில் சீனர்தான் என்று நிரூபிக்கட்டும், போட்டியெல்லாம் அப்புறம்.

நூறு வருஷம் கழித்துப் பார்க்கிற நமக்கு இதுதான் நியாயமான ஒரே கேள்வி என்று தோன்றுகிறது. ஆனால் அன்றைய லண்டனுக்கு அது தோற்றுப்போகிறவரின் சாக்காகக் கேட்டது. வந்தவர் சூ, வராதவர் ஃபூ, அப்போ ஜெயித்தவர் சூ. கொஞ்ச நாளில் ஃபூவின் லண்டன் நிகழ்ச்சி முடிந்துபோனது. நகல், ஒரிஜினலை ஊரைவிட்டு அனுப்பிவைத்துவிட்டது.

ரசிகர்கள் ஏமாந்தது சூ பிரமாதமான சீனராக இருந்ததால் இல்லை. லண்டன்காரர்கள் மனதில் ஒரு சீனர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படம் இருந்தது. ராபின்சன் அந்தப் படத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தார். ஃபூவோ வெறும் சீனராக மட்டும் இருந்தார்.

வித்தையை வாழ்ந்தவரின் வீடு

இப்போ படத்தின் கருத்துக்கு வருவோம். ‘வித்தைக்காக வாழ்நாள் முழுக்க நடிக்கிறவன்’ என்று படம் சொல்வது ராபின்சனுக்கு ரொம்பவே பொருந்தும். 1900-லிருந்து 1918 வரை, 18 வருஷம். மேடையில் அவர் பேசுவதே அபூர்வம். பத்திரிகையாளர்கள் பேட்டிக்கு வந்தால் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவார். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆங்கிலத்தில், பேட்டிக்கு மொழிபெயர்ப்பாளர்!

அவரோடு மேடையில் நின்றவர் ஆலிவ் பாத். எல்லோரும் டாட் என்று கூப்பிடுவார்கள். ரொம்பக் குள்ளமான உருவம். சின்ன இடத்தில் மறைய வேண்டிய வித்தைகளுக்கு அவர்தான். மேடையில் அவர் பெயர் சூயி சீன், சீன மேஜிஷியனின் சீன மனைவி. ஊர் அறிந்த வரையில் ராபின்சனின் மனைவி. ஆனால் ராபின்சன் தன் முதல் மனைவியை விவாகரத்து செய்யவே இல்லை. லண்டனில் இன்னொரு பெண்ணோடு தனிக் குடும்பமும், மூன்று குழந்தைகளும் இருந்தன. டாட் தொடர்ந்து மேடையில் புன்னகையோடு நின்றார்.

படத்தில் போர்டனுக்கு வீட்டில் ஒரு சாரா, வெளியே ஒரு ஒலிவியா. அங்கே அதற்கு ஒரு காரணம் உண்டு, ஆள் ரெண்டு பேர். நிஜத்தில் ஆள் ஒருத்தர்தான்.

ஒரு வரி ஆங்கிலம்

படத்தில் போர்டன் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் விரல்களை இழக்கிறான் இல்லையா? ராபின்சனின் கதை முடிந்ததும் அதே வித்தையில்தான்.

அதற்கு அவர் வைத்த கதை, சீனாவின் பாக்ஸர் கலகக்காரர்கள் தனக்கு மரண தண்டனை விதித்ததாகவும், சுட்ட குண்டுகளைத் தான் பிடித்ததாகவும். பார்வையாளர்கள் குண்டுகளில் குறி போட்டுக் கொடுப்பார்கள். உதவியாளர்கள் சுடுவார்கள். சூ ஒரு தட்டை நெஞ்சுக்கு நேரே பிடிப்பார். குண்டுகள் தட்டில் விழும். குறியைச் சரிபார்த்தால் அதே குண்டுகள்.

ரகசியம் துப்பாக்கியில். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம் அது. அந்தக் கம்பியைச் செருகி வைக்கக் குழலுக்குக் கீழே இன்னொரு சின்னக் குழாய் இருக்கும். விசையை இழுத்ததும் கிளம்பும் நெருப்பு மேல் குழலுக்குப் போகாமல், கீழ்க் குழாய்க்குப் போகும்படி ராபின்சன் வழியை மாற்றியிருந்தார். கீழே வெறும் மருந்து. சத்தம் வரும், புகை வரும், குண்டு வராது. மேல் குழலில் போட்ட குண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். குறி போட்ட குண்டுகளோ துப்பாக்கிக்குப் போகும் வழியிலேயே கைமாறிவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேல் குழலில் மிச்சமிருக்கும் மருந்தையும் குண்டையும் எடுக்க வேண்டும். சுட்டுத் தீர்ப்பதுதான் பத்திரம். ராபின்சன் பின்பக்கத் திருகைக் கழற்றி எடுப்பார். வருஷக்கணக்காகக் கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்தது. இடுக்கில் மருந்துத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. அடைத்து வைத்த வழி மெல்லத் திறந்துகொண்டது.

1918 மார்ச் 23, வட லண்டனில் வுட் கிரீன் எம்பயர். சுட்டார்கள். இந்த முறை மேல் குழலும் வெடித்தது. குண்டு நெஞ்சில் பாய்ந்தது. சீன மேஜிஷியன் மேடையில் ஆங்கிலத்தில் பேசினார். ஏதோ ஆகிவிட்டது, திரையை இறக்குங்கள் என்று. மறுநாள் இறந்தார். துப்பாக்கி நிபுணர் ராபர்ட் சர்ச்சில் விசாரணையில் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டி விளக்கினார். விபத்து என்று முடிவானது. தொழிலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்ததை அன்றுதான் சாதாரண ரசிகர்கள் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது உடல்

ஃபூவை நகலெடுத்துப் பெயர் வாங்கிய இன்னொருவரையும் சொல்லிடறேன். ‘தி கிரேட் லஃபாயெட்’, நிஜப் பெயர் சிக்மண்ட் நியூபெர்கர். ஃபூ மாதிரியே வேஷம் போட்டுத் தண்ணீர்ப் பாத்திரம் வரவழைத்துதான் அமெரிக்காவில் கவனம் பெற்றார். 1911 மே 9, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அவர் நிகழ்ச்சியின்போது மேடை தீப்பிடித்தது. ரசிகர்கள் தப்பிவிட்டார்கள். மேடைக்காரர்கள் பலர் செத்தார்கள். லஃபாயெட்டின் உடல் கிடைத்தது, எரியூட்ட கிளாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மேடைக்கு அடியில் இன்னொரு லஃபாயெட் கிடைத்தார், அதே உடையில், விரல்களில் மோதிரங்களோடு. முதலில் கிடைத்தது, அவர் மாதிரியே உடை போட்டு மேடையில் மாறி மாறி வரும் அவருடைய ‘டபுள்’.

“ஏஞ்சியரின் மிஷின் நம்பற மாதிரி இல்ல” என்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. மேடையில் ஒரே ஆள் போல் நின்ற ரெண்டு பேரும் ஒரே இரவில் செத்தார்கள். ஊர் தேடியது ஒருத்தரை மட்டும்தான். டபுளுடைய உடலுக்குக்கூட முதலில் நட்சத்திரத்தின் பெயர்தான் கிடைத்தது.

பெயரை மாற்றியது யார்?

இப்போ திரும்பப் படத்துக்கு. அந்த சீனக் கிழவராக நடித்தவர் சாவ்-லி சி, சீன வம்சாவளி நடிகர். அவர் செய்து காட்டுவது ஃபூவின் மீன் தொட்டி வித்தை. ப்ரீஸ்டின் நாவலிலும் இந்தப் பகுதி இருக்கிறது. அங்கே அந்த மேஜிஷியனின் பெயர் சிங் லிங் ஃபூ. படத்துக்கு வரும்போது அது சங் லிங் சூ ஆகிவிட்டது. இத்தனைக்கும் டெஸ்லா கொலராடோவில் சோதனைகள் செய்தது 1899-ல். படத்தில் அதற்கும் முன்னாடியே வருகிற சங் லிங் சூ என்ற பெயர் அப்போது பிறக்கவே இல்லை.

ஃபூவின் உடம்பு, ஃபூவின் வித்தை, ராபின்சன் வைத்த பெயர். 1905-ல் லண்டனில் நடந்ததேதான் 2006-ல் திரையிலும் நடந்திருக்கிறது. தியாகத்தின் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடும் காட்சியில், யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர் பெயர் இல்லை.

இதனால் படத்தைத் திட்டணும்னு நான் சொல்லல. எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆனால் “போர்டனா, ஏஞ்சியரா, யார் அதிகம் தியாகம் பண்ணினாங்க” என்ற அந்த முடிவில்லாத விவாதம் இருக்கே, அதை இந்தக் கதைக்கு அப்புறம் எனக்கு அதே மாதிரி கேட்க முடியல. வித்தையின் விலையை மேஜிஷியன்தான் கொடுக்கிறான் என்பது மேஜிஷியன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதை. ராபின்சனும் உயிரைக் கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாடியே ஃபூ கொடுத்துவிட்டார், தன் பெயரை. டாட் கொடுத்தார். எடின்பரோவில் அந்த டபுள் கொடுத்தார். இவர்கள் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

படத்துக்குள்ளேயே பாருங்க. போர்டன் இரட்டையர் வித்தைக்காக வாழ்க்கையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், சம்மதத்தோடு. சாராவிடம் யாரும் கேட்கவில்லை. சில நாள் அவளை நேசிக்கிற கணவன், சில நாள் நேசிக்காத கணவன். ஏன் என்றே தெரியாமல் தூக்கில் தொங்கினாள். அடுத்த தடவை படத்தைப் பார்க்கும்போது அவள் முகத்தை மட்டும் கவனித்துக்கொண்டு போங்க. முழுக்க வேறு படமாக இருக்கும்.

ஃபூ அதன் பிறகு என்ன ஆனார்? அழிந்துபோகவில்லை. 1912-ல் மறுபடி அமெரிக்கா வந்து, மகளையும் மேடையேற்றி, பெரிய அரங்குகளில் நிகழ்ச்சி நடத்தினார். 1922-ல் இறந்தார். தன்னைக் காப்பியடித்தவரைவிட நாலு வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். பெயர் மட்டும் அவரிடம் திரும்பி வரவில்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள யாராவது உங்ககிட்ட அந்த மீன் தொட்டிக் காட்சியைப் பற்றிப் பேசினா, “அவர் பேர் சிங் லிங் ஃபூ”ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.